மேற்குக் கரையிலிருந்து பார்த்த சுவர்

போன வாரம் ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் வனவர். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசுவார். வேறொரு கண்மாய்க்கரையிலும் பறவை பார்க்கும் கொட்டகை கட்டப் போகிறார்களாம். நாங்கள் செய்ததைப் போலவே தன்னார்வலர்களை வைத்துத்தான். "சுவர் பூரா பறவைப் படம் வரையச் சொல்லியிருக்கோம் சார். ரோட்டுல போறவங்களுக்கே பளிச்சுன்னு தெரியும்" என்றார். குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். "தம்பி, பெயின்ட் டப்பாவத் தொறக்காம கொஞ்சம் பொறுங்க, நான் எழுதி அனுப்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனிலேயே சொல்லியிருந்தால் நான் பதறியிருப்பேன், அவரும் மிரண்டிருப்பார். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும்.

நான் பயந்த சுபாவம். அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. "சிவகங்கைச் சீமையில என்ன புலியா இருக்கு? கொக்குக்கும் நாரைக்கும் பயந்தே சம்பளம் வாங்குன ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று என் மனைவி இன்றைக்கும் கேலி செய்வாள். நான் கொக்கைப் பார்த்துப் பயந்ததில்லை. கொக்கு போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடவிட்டார்கள், மரம் அளக்கச் சொன்னார்கள், சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எனக்கு உண்மையான பயிற்சி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கண்மாயில் கிடைத்தது. கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டி அடைகாத்துக்கொண்டிருந்தன. பக்கத்து ஊர் விசேஷத்தில் யாரோ ஓர் அதிர்வேட்டு வைத்தார்கள். ஒன்றே ஒன்றுதான். கண்மாயில் இருந்த அத்தனை பறவையும் ஒரே சமயத்தில் எழும்பியது. அவை சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டுத் திரும்புவதற்குள் காக்கைகள் கூடுகளுக்குள் புகுந்துவிட்டன. மரத்தடியில் முட்டை ஓடு உதிர்ந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். அடுத்த வருடம் அந்தக் கண்மாய்க்கு ஒரு நாரைகூட வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. நான் பயந்தாங்கொள்ளி ஆனது அங்கேதான்.

இனி கொட்டகை விஷயத்துக்கு வருகிறேன்.

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் போகிற தூரத்தில் ஒரு கண்மாய். அதன் கிழக்குக் கரையை ஒட்டி வனத்துறையின் சிறிய இயற்கைப் பூங்கா. ஐப்பசியில் மழை பிடித்ததும் நத்தைகொத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வந்து, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தாலும் ஒரு ஊசிவெடிகூடக் கிடையாது. கல்யாணத்துக்கு வருகிற மேளம் ஊர் எல்லையிலேயே அடங்கிவிடும். யாரும் சட்டம் போட்டு வந்த பழக்கம் இல்லை. பறவை வந்து தங்கினால் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால் வயல் விளையும் என்று நினைக்கிற ஊர்.

அங்கே ஒரு கொட்டகை கட்டலாம் என்று துறையில் முடிவானது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து, பறவைக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்து, சுவரில் இருக்கும் நீளத் துவாரங்கள் வழியாகப் பார்க்கலாம். கட்டுவது தன்னார்வலர்கள். ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னபோது முதலில் யாரும் சம்மதிக்கவில்லை. ஊர்ப் பெரியவரை அங்கே அம்பலம் என்பார்கள். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், கட்டடம் வந்தா பறவை மெரளாதா?"

"மெரளாதுங்க. மழைக்கு முந்தியே முடிச்சிருவோம். வர்றப்ப அது அங்கனயே இருந்த மாதிரிதான் இருக்கும்."

"நீங்க சொல்றீக, நான் விடுறேன். இந்த வருசம் பறவை எறங்கலேன்னா கட்டடம் அங்குட்டு நிக்காது. ஊரே கூடி இடிச்சிரும். நான் தடுக்க மாட்டேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்கள், வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். மீனாள் டீச்சர், அவரோடு வேலை பார்க்கிற சிலர், தச்சு வேலைக்குச் சேகர் ஆசாரி. எல்லோருக்கும் தலைவர் மாதிரி லெட்சுமணன் அண்ணன். கானாடுகாத்தான் செட்டியார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையில் இருக்கப் பிடிக்காமல் ஊருக்கே வந்து, பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து, இரண்டு அறையில் மட்டும் குடியிருந்தார். முதல் நாள் சலவை வேட்டி, சலவைச் சட்டையோடு கண்மாய்க்கரையில் வந்து நின்றார். "அண்ணே, வெள்ளை உடுத்தினா பறவை தூரத்துலயே பாத்துரும்" என்றேன். அடுத்த வாரம் மண் நிறத்தில் ஒரு கைலியும் காக்கிச் சட்டையும் போட்டு வந்தார். "எங்க ஆச்சி பாத்துட்டு, வாட்ச்மேன் வேலைக்கா போறீகன்னு கேக்குறா" என்று சிரித்தார். ஆச்சி என்றது அவர் மனைவியை.

இப்படி ஒரு கொட்டகை கட்டுவதற்குச் சில முறைகள் உண்டு. வாசல் தண்ணீருக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். வாசலுக்கு வருகிற பாதையின் இருபக்கமும் ஆள் உயரத்துக்கு ஓலைத் தட்டி வேண்டும். பார்க்கிற துவாரத்துக்கு நேர் எதிரே இன்னொரு திறப்பு கூடாது, பின்வெளிச்சத்தில் ஆள் நிழல் தெரிந்துவிடும். தரை அதிரக் கூடாது, கதவு கிறீச்சிடக் கூடாது. இதெல்லாம் ஒன்று விடாமல் செய்தோம். பழைய வீடு இடித்த இடத்திலிருந்து லெட்சுமணன் அண்ணன் பர்மாத் தேக்கு உத்தரம் கொண்டுவந்தார். ஆசாரி அதில் போட்ட கதவு சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது. மேலே பனையோலைக் கூரை.

அப்புறம் சுவர்ப் பூச்சு. எங்கள் பக்கத்து ஆட்கள் தவிர வேறு யாரும் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்கள். ஒரு சுவர் எழும்பினால் அதை மொட்டையாக விட்டுப் போகக் காரைக்குடிக்காரனுக்கு மனசு வராது. "பிள்ளைக வந்து பாக்குற எடம், சிமென்டக் குழச்சு அப்பிட்டுப் போகச் சொல்றீகளா?" என்று லெட்சுமணன் அண்ணன் கேட்டார். சுண்ணாம்பைக் குழியில் ஊறவைத்தார்கள். கடுக்காய்த் தண்ணீர் விட்டு, வெல்லம் சேர்த்து அரைத்தார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு. கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, துணியால் துடைத்துத் துடைத்து, சுவர் வழவழவென்று ஆகிவிட்டது. மிஞ்சின மஞ்சள் கருவை என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சர் வாராவாரம் பொடிமாஸ் கிண்டிப் போட்டார். கட்டடம் முடிகிறபோது எங்களில் யாருக்கும் முட்டை வாசனையே ஆகவில்லை. தண்ணீரைப் பார்த்த சுவரை அண்ணன் வேறு யாரையும் தொடவிடவில்லை. உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்து, "கன்னம் மாதிரி இருக்குல்ல?" என்று கேட்பார். நானும் தொட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

புரட்டாசிக் கடைசியில் வேலை முடிந்தது. திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரிகள் வருவதாகத் தேதியும் குறித்தாயிற்று. ஐப்பசி பிறந்தது, மழையும் வந்தது.

முதலில் ஏழெட்டு நாரைகள் வந்தன. வேவு பார்க்கிற கூட்டம் அது. அவை இறங்கி மரங்களைச் சோதித்துவிட்டுப் போனால்தான் மற்றவை வரும். நான் கொட்டகைக்குள் உட்கார்ந்து துவாரம் வழியாகப் பார்த்தேன். சாயங்கால நேரம். மேற்கேயிருந்து வந்தன, தாழ்ந்தன, கால்களைக்கூடத் தொங்கப் போட்டுவிட்டன. அப்புறம் என்ன நினைத்தனவோ, விருட்டென்று திரும்பி மேலே போய்விட்டன. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். உதிர்ந்து கிடந்த முட்டை ஓடு ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அம்பலம் கரையில் வந்து நின்று வானத்தைப் பார்ப்பார், கொட்டகையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், போய்விடுவார். திட்டியிருந்தாலாவது தேவலை.

ரேஞ்சர் மேடத்திடம் போனேன். எங்கள் ரேஞ்சர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. எதைச் சொன்னாலும் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். பேனா மூடியை மேஜைமேல் நிற்கவைத்து, அதைப் பார்த்துக்கொண்டே "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து பாதிப் பேர் லீவ் கேட்கவே போக மாட்டார்கள்.

"பறவை இறங்க மாட்டேங்குது மேடம்."

"அப்புறம்?"

"தாழ வருது, திரும்பிடுது. ஆள் நடமாட்டம் இல்லை. பாதைத் தட்டி சரியா இருக்கு. கதவு சத்தம் இல்லை."

"அப்புறம்?"

"நானே உள்ள உக்காந்து பாத்தேன் மேடம். அசையக்கூட இல்லை."

"அப்புறம்?"

பேனா மூடியையே நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய்தான் தானாகச் சொன்னது. "உள்ள இருந்துதான் பாத்தேன். வெளிய இருந்து பாக்கலை மேடம்."

மேடம் பேனாவை மூடினார். "போய்ப் பாத்துட்டு வாங்க, பாரஸ்டர்" என்றார்.

அன்று சாயங்காலமே கண்மாயைச் சுற்றி மேற்குக் கரைக்குப் போனேன். பறவை வருகிற திசை அது. கருவேல மரத்தடியில் குந்தி உட்கார்ந்து கொட்டகையைப் பார்த்தேன். சூரியன் எனக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையில் ஏதோ தீப்பிடித்த மாதிரி இருந்தது. எழுந்தே விட்டேன். அது எங்கள் சுவர். மேற்கு வெயில் முழுக்க அந்த முட்டைப் பூச்சில் விழுந்து, கண்ணைக் கூசவைக்கிற வெளிச்சமாகத் திரும்பி வந்தது. தண்ணீரிலும் அதே வெளிச்சம் நீளமாகக் கிடந்து ஆடியது. நாங்கள் எல்லோரும் காலையில் வந்து காலையிலேயே போகிறவர்கள். காலையில் அந்தச் சுவர் நிழலில் இருக்கும். பறவை அடைய வருவது சாயங்காலம். அந்த நேரத்தில் எதிர்க்கரையில் நின்று பார்க்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

லெட்சுமணன் அண்ணனிடம் எப்படிச் சொல்வது? கானாடுகாத்தானுக்குப் போனேன். முகப்பில் உட்காரவைத்து, ஆச்சி காபி கொடுத்தார்கள். அந்த வீட்டுச் சுவரில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. திருதிருவென்று முழிக்கிற முகம். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பூச்சா காரணம்? எங்க அப்பச்சி காலத்துலேருந்து இந்தச் சுவத்துல புறா வந்து ஒக்காருது. நாரைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அண்ணே, ஒரு தடவ வந்து பாருங்க."

"பாத்து?"

"பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினார். மேற்குக் கரையில் அவரும் நானும் உட்கார்ந்தோம். நாரைகள் வந்தன. தாழ்ந்தன. சுவர் பளீரென்றது. கால்களைத் தொங்கப் போட்ட நாரைகள் அப்படியே மடக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே திரும்பிப் போயின. இறக்கைச் சத்தம் கேட்டது. அண்ணன் சுவரையே பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மண்ணப் பூசி மறைக்கலாம்" என்றேன் மெதுவாக.

"முட்டப் பூச்சு மேல மண்ணு நிக்காதுப்பா. வழுக்கிட்டு வந்துரும்." விரலால் கொத்திக் காட்டினார். "கொத்திவிடணும். கொத்திப் பொளிஞ்சாத்தான் மண்ணு பிடிக்கும்."

அவர் செய்ததை அவரே கொத்துவதா என்று இருந்தது எனக்கு. அதைவிடப் பெரிய பயம் வேறு. உளி வைத்துக் கொத்தினால் சத்தம் கண்மாய் முழுக்கக் கேட்கும். சுற்றிக்கொண்டிருக்கிற நாலு பறவையும் போய்விடும். அண்ணனும் அதைத்தான் யோசித்திருக்கிறார். "கொத்தக் கூடாது, தேய்க்கணும். செங்கல்லு போதும். ஆளுதான் நெறைய வேணும்" என்றார்.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழாத் தேதி வேறு நெருங்கிவிட்டது. மேல் அதிகாரிகள் வரும்போது மண் அப்பின சுவரைக் காட்டினால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வழக்கம்போல "அப்புறம்?" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "தேதியை நான் பாத்துக்கறேன். நீங்க சுவரைப் பாருங்க" என்றார். இத்தனை வருடத்தில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த நேரான பதில் அது ஒன்றுதான்.

நாரைகள் பகலில் வயலுக்கு இரை தேடப் போய்விடும். அந்த நடுப்பகல் நேரத்தில் மட்டும் வேலை. டீச்சர் லீவு போட்டுவிட்டு வந்தார். ஆசாரி வந்தார். ஆளுக்கொரு செங்கல் துண்டை வைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து அந்தச் சுவரைத் தேய்த்தோம். பேச்சு கிடையாது, செல்போனை எல்லாம் வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தோம். விரல் தோல் உரிந்தது. அண்ணன் நடுவில் நின்று, தான் கடைசியாக மெருகு போட்ட இடத்தைத்தான் முதலில் தேய்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் குனிந்துகொண்டு அடிப்பக்கத்தைத் தேய்த்தேன்.

ஆசாரி ஊருக்குள் விஷயத்தைச் சொல்லியிருப்பார் போல. மறுநாள் திரும்பிப் பார்த்தால் அம்பலம் தலையில் கூடையோடு நிற்கிறார். கண்மாய் வண்டல். அவர் பின்னால் ஊர்ப் பெண்கள் சிலர், சாணியும் வைக்கோலும் எடுத்துக்கொண்டு. இடிக்கத்தான் வந்துவிட்டார்களோ என்று செங்கலும் கையுமாக எழுந்துவிட்டேன். அம்பலம் கூடையை இறக்கிவைத்து, அண்ணனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "வுடுங்க செட்டியாரே, மண்ணு அப்புறது நாங்க பாத்துக்குறோம்" என்றார், சத்தமே இல்லாமல்.

மண் காய்வதற்குள் மழை வந்துவிடுமோ என்று அந்த இரண்டு நாளும் நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். தூறல் விழுந்தது. ஓலைக் கூரையை இன்னும் ஒரு முழம் முன்னால் இழுத்துவிட்டார் ஆசாரி. சுவர் தப்பியது. நாரைகள் மட்டும் கண்ணில் படவில்லை. முதல் நாளும் வரவில்லை, இரண்டாம் நாளும் வரவில்லை. போய்விட்டன என்றே முடிவு செய்தேன். வீட்டில் மனைவி கேலி செய்வதைக்கூட நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மேற்குக் கரையில் நான், அண்ணன், அம்பலம் மூவரும் உட்கார்ந்திருந்தோம். வெயில் எதிர்க்கரையில் முழுசாக விழுந்தது. முதலில் மூன்று நாரைகள் வந்தன. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. என்னால் பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் என் தொடையைக் கிள்ளினார். கண்ணைத் திறந்தால், கருவேல மர உச்சியில் ஒரு நாரை இறக்கையை மடித்துக்கொண்டு நிற்கிறது. அதன் பக்கத்தில் இன்னொன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. மேற்கே வானத்தில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தம்பி, உங்கள் சுவரில் படம் வரைவதற்கு முன்னால் சாயங்கால நேரத்தில் எதிர்க்கரைக்கு ஒரு தடவை போய் உட்காருங்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்றைக்கு அந்தக் கரையில் கடைசியாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அம்பலம் நெற்றிமேல் கையை வைத்து எதிர்க்கரையைத் துழாவினார். "எங்குட்டு இருக்கு நம்ம கொட்டகை? காணமே" என்றார். லெட்சுமணன் அண்ணன் காட்டுவதற்குக் கையை நீட்டினார். நீட்டின கை இங்கும் அங்கும் அலைந்தது. கரையும் மண்ணும் ஓலையும் ஒன்றாகக் கிடந்தன. அவருக்கும் தெரியவில்லை. சிரிப்பு வந்து, பறவை மிரண்டுவிடுமே என்று துண்டை வாயில் திணித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை அப்படியே குலுங்கினார். பிறகு துண்டை எடுத்துவிட்டு, என் காதுப் பக்கமாகக் குனிந்து கிசுகிசுத்தார்.

"நல்லாப் பூசியிருக்கோம்லப்பா?"